நாற்பதுகள் விழா: ரயில் மட்டும் வராது

இங்கிலாந்தில் பழைய நீராவி ரயில் ஓட்டும் சங்கங்கள் 'நாற்பதுகள் வார இறுதி' என்று, 1940களைத் திரும்ப நடிக்கும் ஒரு கூத்து கட்டுகின்றன. செவர்ன் வேலி ரயில்வே இதில் பெயர்போனது. தொந்தி தள்ளிய தாத்தாக்கள் ராணுவ உடுப்பில் விறைப்பாக நிற்பார்கள். பெண்கள் அந்தக் காலத்துச் சுருள்முடியோடு வருவார்கள். சுருட்டும் தொப்பியும் கிடைத்த யாராவது ஒருத்தர் சர்ச்சில் ஆகிவிடுவார். கரி வண்டி புகை கக்கிக்கொண்டு வரும்.

இதையே ஓசூர்ப் பக்கம் நம்ம உத்தனப்பள்ளியில் நடத்தலாம். தலைப்பாகை கட்டிக்கொள்ள ஆள் உண்டு, களி கிண்ட ராகி உண்டு. ரயில் மட்டும் வராது. வரலாற்றுத் துல்லியமே அதுதான். 1941ல் எங்கள் பக்கத்து ரயிலை வெள்ளைக்காரன் பாதையோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த ரயில் வந்த கதை தாது வருஷப் பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876ல் மழை பொய்த்து சேலம் ஜில்லா காய்ந்தது. ஓசூர் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபு 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியா இனி சக்கரவர்த்தினி என்று அறிவித்து, ஊரைக் கூட்டி விருந்து போட்டார். பஞ்சத்தைப் பார்த்து வர அவர் அனுப்பிய ஆள் சர் ரிச்சர்ட் டெம்பிள். நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று துரை கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு அவரே ஒரு நாள் கல் உடைத்துப் பார்த்திருந்தால் கணக்கு மாறியிருக்கும்.

செத்தவர்கள் செத்த பிறகு 1880ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. வறண்ட சீமைகளுக்கு ரயில் போட்டால் தானியம் போய்ச் சேரும் என்றது. நல்ல யோசனைதான். சர்க்காரும் நிதானமாக யோசித்தது. 1905ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் பாதை வந்தது. 1913ல் தர்மபுரிப் பாதை ஓசூரைத் தொட்டது. 1877ல் பசி என்றவனுக்கு 36 வருஷம் தாமதமாக வண்டி! வருந்துகிறோம் என்று அறிவிப்புகூட இல்லை.

அதுவும் இரண்டரை அடி அகலப் பாதை. எருமை குறுக்கே படுத்தால் இரண்டு பக்கமும் வழியும். மொரப்பூரில் பெரிய வண்டியிலிருந்து மூட்டையை இறக்கிச் சின்ன வண்டியில் ஏற்ற வேண்டும். இறக்கி ஏற்றுகையில் மூட்டை எவ்வளவு இளைக்கும் என்பது இராயக்கோட்டைச் சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

பிறகு இரண்டாம் உலகப் போர். குண்டு விழுந்தது லண்டனில், தண்டவாளம் போனது ஓசூரில். பக்கத்துத் தொரப்பள்ளியில், பஞ்சம் ஓய்ந்த 1878ல் பிறந்த ராஜாஜி, 1948ல் லிட்டன் உட்கார்ந்த நாற்காலியிலேயே கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தார். அப்படியும் கேளமங்கலம், இராயக்கோட்டை வழியாகச் சேலம்–பெங்களூர் பாதை முடிய 1960களின் கடைசி ஆயிற்று.

நீராவி ஆசை உள்ளவர்கள் மேட்டுப்பாளையம்தான் போக வேண்டும். 1899ல் குன்னூருக்கும் 1908ல் ஊட்டிக்கும் போன அந்தப் பாதைக்குப் போரிலும் ஒரு கீறல் இல்லை. 2005ல் யுனெஸ்கோ பட்டமும் கிடைத்தது. துரைமார் குளிர்காற்று வாங்கப் போன பாதை உலகப் பாரம்பரியம். குடியானவனுக்குத் தானியம் வரப் போட்ட பாதை பழைய இரும்பு.

மொரப்பூர்–தர்மபுரிப் பாதைக்கு 2019ல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். அன்று ரயிலை இழந்த கிருஷ்ணகிரி இப்போது மாவட்டத் தலைநகரம்; ரயில் நிலையம்தான் இல்லை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரை கிருஷ்ணகிரிக்கு ரயிலில் வரச் சொல்லுங்கள்.