மாறப்போகிறவர்

மாறப்போகிறவரை அடையாளம் காண்பது எளிது. கழுத்தில் ஒரு கேமரா தொங்கும். வாயில் வேறொரு கேமராவின் பெயர் ஓடிக்கொண்டிருக்கும். மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குப் போனால் இரண்டு பேராவது கண்ணில் படுவார்கள். ஐம்பதை ஒட்டிய வயது, வங்கியிலோ இன்ஷூரன்ஸிலோ கௌரவமான வேலை, எதை வைப்பது என்று தெரியாத அளவுக்குப் பைகள் தைத்த காக்கி ஜாக்கெட். நமக்குத் தெரிந்தவரின் கையில் இருப்பது நிக்கான் டி750. 2014-இல் வந்தது, 24 மெகாபிக்சல், ஃபுல் ஃப்ரேம். அருமையான கேமரா என்று அவரே நற்சான்று கொடுப்பார். கொடுத்த கையோடு, "ஆனா டி.எஸ்.எல்.ஆர். காலம் முடிஞ்சு போச்சு சார். நான் மிரர்லெஸ்ஸுக்கு மாறப்போறேன்" என்பார். உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவைச் சொல்கிறார்.

எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது.

2018-இல் நிக்கான் தன் முதல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்களான இசட்6, இசட்7 இரண்டையும் அறிவித்தபோதே மாறிவிடுவதாகத்தான் இருந்தார். விவரங்களைப் படித்ததும் நின்றுவிட்டார். கார்டு போட ஒரே ஓர் இடம்தான் இருந்தது. "முகூர்த்த நேரத்துல கார்டு புட்டுக்கிச்சுன்னா என்ன சார் பண்றது?" கல்யாண வீட்டில் அவர் முந்துவது பந்திக்குத்தான், தாலி கட்டும் நேரத்தில் அவரை நம்பி யாரும் இல்லை. இருந்தாலும் கேள்வி நியாயமாக இருந்ததால் தலையாட்டி வைத்தோம். 2020-இல் இரண்டு கார்டு போடும்படி இசட்6 இரண்டாம் பதிப்பு வந்தது. "ரெண்டாவது வந்துட்டா மூணாவது தூரத்துல இல்ல சார், அவசரப்படக் கூடாது." மூன்றாவது 2024-இல் வந்தது. விலையைப் பார்த்தார். இப்போது இரண்டாவதன் விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்.

காத்திருப்பதில் அவருக்கு ஒரு முறை வெற்றியும் கிடைத்திருக்கிறது. அதுதான் ஆளைக் கெடுத்தது. "வரி குறையும், பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2019 ஜனவரியில் டிஜிட்டல் கேமராவுக்கான ஜி.எஸ்.டி. உண்மையாகவே 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பாரிமுனைக்கு ஆட்டோ பிடித்திருப்பார்கள். இவர் விரலை ஆட்டினார்: "பாத்தீங்களா? இதே போக்குல போனா பன்னெண்டு ஆகும்."

வேறு கம்பெனிக்குத் தாவலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. கேனான் ஆர்6-ஐக் காட்டினார்கள். அதில் 20 மெகாபிக்சல். "இருபத்து நாலுலேர்ந்து இருபதா? பின்னாடி போறதுக்கா மாறணும்?" அவர் இதுவரை அச்சுப் போட்ட படங்களிலேயே பெரியது மாமனாருடைய சதாபிஷேகப் படம், பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம். அதற்கு 20 மெகாபிக்சல் தாராளம். சோனி என்றால் பேச்சே கிடையாது. அது டி.வி. கம்பெனியாம். மிரர்லெஸ்ஸின் எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரையும் டி.வி. என்றுதான் ஒதுக்குவார், எந்த வெளிச்சத்தில் படம் எப்படி விழும் என்று அழுத்துவதற்கு முன்பே அது காட்டிவிடும் என்று தெரிந்தும்.

மாறுவதற்கு அவர் சொல்லும் முதல் காரணம் கழுத்துவலி. இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கூட்டிக் கழித்தது. டி750 பேட்டரி, கார்டோடு சேர்த்து 840 கிராம். இசட்6 அதே மாதிரி 675. ஆக 165 கிராம் லாபம். ஆனால் பழைய லென்ஸ்களை அதில் மாட்ட எஃப்.டி.இசட். அடாப்டர் வேண்டும், அது 135. மிச்சம் 30. அடுத்து பேட்டரி. ஒரு சார்ஜுக்கு டி750-இல் 1,230 படம் என்பது கம்பெனி சொல்லும் சோதனைக் கணக்கு. அதே சோதனையில் இசட்6-க்கு 310. எனவே ஸ்பேர் பேட்டரி ஒன்று, சுமார் 80 கிராம். கழுத்துவலிக்காக மாறினால் 50 கிராம் கூடுதலாகச் சுமக்க வேண்டும் என்று முடித்து, இரட்டைக் கோடு போட்டிருக்கிறார். அந்தச் சோதனை ரொம்பக் கெடுபிடியானது, நடைமுறையில் இசட்6 அதைவிட எவ்வளவோ அதிகம் எடுக்கும். அதைச் சொன்னால் டைரியை மூடிவிடுவார்.

அடாப்டர் எதற்கு என்று புதியவர் யாராவது கேட்டுவிட்டால் அன்றைய காலைப்பொழுது போயிற்று. கண்ணாடி ஏறி இறங்க இடம் விட வேண்டியிருந்ததால் பழைய நிக்கானில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சருக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர், கண்ணாடியை எடுத்துவிட்டதால் இசட்டில் 16 போதும், நடுவில் விழும் இடைவெளியை அடைப்பதுதான் அடாப்டர். இதை இரண்டு விரல்களை விரித்தும் சுருக்கியும் அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது எதிர்க் கிளையில் ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. பொறுமையான பறவை. பேச்சு முடிகிறவரை இருந்தது. அதற்குள் அவருக்கு டீ வந்துவிட்டது.

கேலி போதும். ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். அவருடைய 50 எம்.எம்., 80-200 இரண்டுமே பழைய 'டி' வகை. லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் திருகி ஃபோகஸ் செய்யும். அந்த அடாப்டரில் மோட்டார் இல்லை. மாட்டலாம், படம் விழும், ஆனால் ஃபோகஸைக் கையால் திருக வேண்டும். மாற நினைக்கிறவர்கள் கடைக்குப் போகுமுன் பீரோவைத் திறந்து லென்ஸ்களை எண்ண வேண்டும் என்று அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. உள்ளே மோட்டார் வைத்த ஏ.எஃப்.எஸ். லென்ஸ்களாக இருந்தால் கவலையில்லை, அடாப்டரிலேயே ஓட்டலாம். கேனான்காரர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, 1987-இல் ஈ.எஃப். லென்ஸ்களைத் தொடங்கும்போதே மோட்டாரை உள்ளே வைத்துவிட்டார்கள். இதை மட்டும் அவர் முன்னால் சொல்லாதீர்கள்.

அவர் தெருவில் ஒரு தம்பி கல்யாண ஃபோட்டோகிராபர். பாடியை விற்றான், லென்ஸை விற்றான், மீதிக்கு இ.எம்.ஐ. போட்டு மாறிவிட்டான். அவனைப் பிடித்து நிறுத்தி, "சைலண்ட் ஷட்டர்ல போடாத தம்பி. மண்டபத்துல எல்.இ.டி. லைட்டு, படம் பூரா கோடு கோடா விழும்" என்று எச்சரித்தார்.

"ஆமா சார், மொதல் கல்யாணத்துலயே விழுந்துச்சு. மெக்கானிக்கலுக்கு மாத்திட்டேன்."

"ஃபிளாஷ் போட்டா வியூஃபைண்டர் இருட்டிக்குமே?"

"அந்த செட்டிங்க ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும் சார். பொண்ணு தலை குனிஞ்சாலும் கண்ணைப் புடிச்சிக்குது சார். நீங்க ஒரு தடவை புடிச்சுப் பாருங்க."

கேமராவை நீட்டினான். அவர் வாங்கவில்லை. ஈரக் கை என்றார்.

வீட்டில் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குப் பழகிவிட்டது. காபி கொடுக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அரை மணி நேரத்துல முடிவு சொன்ன மனுஷன் இவரு." அது அப்போது வேறு மாடல் எதுவும் பார்வைக்கு வராததால் என்று அவர் முணுமுணுத்தது என் காதில் மட்டும் விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது டம்ளர் வந்திருக்காது.

பழைய கேமரா தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டி750-இன் ஷட்டர் 1,50,000 முறை இயக்கிச் சோதிக்கப்பட்டது. அவர் இத்தனை வருடத்தில் அழுத்தியது இருபதாயிரத்தைத் தொடவில்லை. கீறல் கிடையாது, பூஞ்சை கிடையாது, பெட்டியும் பில்லும்கூட பத்திரமாக இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அவர் விற்றால்.