இன்னாரின் துணைவியார்

எந்த ஊர் மகளிர் விழாவுக்கும் ஒரு தலைவர் இருப்பார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் நன்கொடை ரசீதுப் புத்தகம், கையில் மைக். எங்கள் திருச்செங்கோட்டிலும் இருக்கிறார். பெண்களைக் கொண்டாட ஊருக்கு ஒரு விழா வேண்டும் என்று முதலில் கிளம்பியவரே அவர்தான். அதனால் விழாவை அவரிடமிருந்து காப்பாற்ற யாருக்கும் வழி தெரியவில்லை.

அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் ஆண்கள். கடவுள் வாழ்த்தும் நன்றியுரையும் நமக்கு. அது போகட்டும். அறுபது வயதுப் பாட்டியையும் 'அம்மிணி' என்பார். அதுவும் போகட்டும், கொங்கு நாட்டில் அது பாசம். ஆனால் ஒரு பெண்ணின் பெயரை அவர் தனியாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முன்னால் ஓர் ஆணையாவது நிறுத்தினால்தான் அவருக்கு நாக்கு புரளும்.

'உமைக்குப் பாதி உடம்பைக் கொடுத்த ஊர் நம்மூர்' என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பாகம்பிரியாளே மலையிறங்கி வந்து மேடையேறினாலும், "சிவபெருமானின் துணைவியார், நம்ம செங்கோட்டு வேலவரின் தாயார்" என்று சொல்லித்தான் பொன்னாடை போர்த்துவார்.

போன மார்ச்சில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழில் நடத்தும் அக்காவுக்கு விருது. வீட்டுக்காரர் போன பிறகும் வண்டியை விற்காமல், கர்நாடகத்தில் போர் போடுகிற ஆட்களைத் திருச்செங்கோட்டில் உட்கார்ந்து போனிலேயே மேய்க்கிறவர். கேசிங் எத்தனை அடி இறங்கியது, டீசல் எவ்வளவு ஊற்றினார்கள் என்று இரண்டு கேள்வி கேட்பார். ஏஜெண்டின் பொய் வெளியே வந்துவிடும். தலைவர் இப்படி அறிமுகம் செய்தார்: "நம்ம பெரிய மாமா இருக்கறாருங்களே, அவரோட மருமக. காலஞ்சென்ற நம்ம தம்பியோட சம்சாரம். இஞ்சினியரிங் படிக்கற பையனோட தாயார்!" ஒரே கைதட்டல்.

"என்ற பேரையும் ஒருக்காச் சொல்லிருங்கண்ணா" என்றார் அக்கா.

"அட, இத்தன நேரம் அதத்தானே சொன்னேன், அம்மிணி!"

ஷீல்டை வாங்கிப் பார்த்தேன். க/பெ என்று போட்டு, கணவர் பெயர் இனிஷியலோடு தங்க எழுத்தில் இருந்தது. அக்கா பெயர் கடைசி வரியில், இடம் போதாமல் ஓரத்தில் மடங்கிக் கிடந்தது.

அதே விழாவில் குமாரமங்கலம் ராதாபாய் சுப்பராயனைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தோம். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டே இந்தியப் பெண்களில் ஒருவர். யார் யாருக்கு ஓட்டுரிமை கொடுக்கலாம் என்று 1932-இல் ஆராய்ந்த லோதியன் குழுவிலும் உட்கார்ந்தவர். தலைவர் குறிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சென்னை மாகாண முதன்மந்திரி சுப்பராயனின் துணைவியார், ராணுவத் தளபதி பி.பி. குமாரமங்கலத்தின் தாயார், மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலத்தின் தாயார், ரங்கராஜன் குமாரமங்கலத்தின் பாட்டி என்று அடுக்கி முடிப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள். லண்டன் வரை போன அம்மாவை அவர் கடைசிவரை குமாரமங்கலத்தை விட்டு நகர்த்தவே இல்லை. பேரனை மறக்காதவர், கோவையிலிருந்து நாடாளுமன்றம் போன பார்வதி கிருஷ்ணன் என்ற மகளை மறந்துவிட்டார்.

இது சிரித்துவிட்டுப் போகிற சங்கதி இல்லை. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, வடக்கே ஏராளமான பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்துகொண்டார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப்பட்ட சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கினார். பேரும் இல்லை, ஓட்டும் இல்லை. அன்றைக்கு அவர்கள் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. இன்றைக்கு நாங்கள் சொல்லத் தயாராக நிற்கிறோம், மைக்கைத்தான் காணோம்.

ஆனாலும் மனுஷனைத் திட்ட மனசு வரமாட்டேன் என்கிறது. மார்ச் வெயிலில் கடை கடையாக ஏறி வசூல் பண்ணுகிறவர் அவர் ஒருத்தர்தான். ஷிப்ட் போனால் கூலி போய்விடுமே என்று தறிக்காரப் பெண்கள் தயங்கியபோது, பட்டறை முதலாளிகளிடம் சண்டை போட்டு அரைநாள் சம்பளத்தோடு லீவு வாங்கிக் கொடுத்தார். பெண்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். அங்கேயும் பக்கத்து இலையில் இருப்பவரிடம், பரிமாறுகிற பெண் யார் வீட்டு மருமகள் என்று விசாரித்துக்கொண்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

அண்ணா, அடுத்த வருஷ அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் புரூஃபை எங்களிடம் ஒருதரம் காட்டுங்கள். க/பெ எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் தருகிறோம். கூடவே உங்கள் வீட்டம்மா பெயரையும் சொல்லிவிடுங்கள். விழாக்குழு கூடும்போதெல்லாம் எங்கள் அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தவர். விருதுப் பட்டியலில் எழுத வேண்டும், எங்களில் யாருக்கும் அவர் பேர் தெரியவில்லை.