எச்சரிக்கைச் சகிப்பியல்: ஒரு முதல்நிலை ஆய்வு

1. ஆய்வுக்களம்

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் விடியலில் பெருங்கூட்டம் ஒன்று பெங்களூருக்கு ரயிலேறுகிறது. தாத்தா பூமிக்கடியில் பாறை உடைத்தவர். பேரன் மாரிகுப்பத்தில் ஜன்னலோர சீட் பிடித்து, பங்காருப்பேட்டை வருவதற்குள் லேப்டாப்பைத் திறந்து ஜாவா தட்டுகிறான். சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28. ஜாவா நிரலை ஓட்டிப் பார்க்காமலே குற்றம் கண்டுபிடிக்கும் செக்-ஸ்டைல் கருவி பிறந்ததும் அதே 2001. இதைத் தற்செயல் என்பவர்களுக்கு ஆய்வு மனப்பான்மை போதாது.

2. கருவியின் குணம்

அதனுடன் வரும் சன் விதித்தொகுப்பின்படி வரி 80 எழுத்தைத் தாண்டக் கூடாது. நிரலுக்கு நடுவே திடீரென 7 என்று எழுதினால் 'மேஜிக் நம்பர்' குற்றம். 0, 1, 2, -1 ஆகிய நால்வருக்கு மட்டும் விலக்கு. விளக்கக் குறிப்பின் முதல் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைக்காததும் குற்றமே. கணக்கு சரியாக வருகிறதா என்று மட்டும் அது கேட்பதில்லை.

3. கண்டுபிடிப்பு

ஜாவா நிரலைத் தொகுத்துக் கட்டும் கிரேடிலின் பில்டு ஸ்கிரிப்டில் செக்-ஸ்டைலைச் சேர்த்தால், பிழைக்கு வரம்பு 0. ஒன்று வந்தாலும் பில்டு நின்றுவிடும். எச்சரிக்கைக்கோ, நாமாக எதுவும் சொல்லாதவரை, வரம்பு 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கூகுள் விதித்தொகுப்பு எல்லாக் குறையையும் எச்சரிக்கை என்றே பதிகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டவருக்குக் கேள்வி கேட்பாரில்லை.

இந்த எண்ணின் பருமனை உள்ளூர் அளவையில் சொல்கிறோம். தங்கவயல் தன் ஆயுள் முழுக்கத் தந்த தங்கம் சுமார் 800 டன், அதாவது 80 கோடி கிராம். கிராமுக்கு ஓர் எச்சரிக்கை வீதம் செலவழித்தாலும் 134 கோடிக்கு மேல் கையிருப்பு மிஞ்சும்.

4. சகிப்பாளர் வகைகள்

முதல் வகையினர் குறை வந்தாலும் பில்டை நிறுத்தாத 'இக்னோர் ஃபெயிலியர்ஸ்' அமைப்புக்கு 'ட்ரூ' போட்டுவிட்டு நிம்மதியாக டிபன் பாக்ஸைத் திறப்பவர்கள். இரண்டாம் வகையினர் விதியை விட்டுவிட்டு விலக்குப் பட்டியலை வளர்ப்பவர்கள். மூன்றாம் வகையினர் வேலையில் சேர்ந்த ஜோரில் எச்சரிக்கை வரம்பையும் 0 ஆக்கி, மொத்த டீமின் பில்டையும் நிறுத்தி, சாயங்காலத்துக்குள் முதல் வகையில் ஐக்கியமாகிறவர்கள்.

5. மறுப்புரை

தங்கவயல் பாறை வெடிப்புக்குப் பேர்போன சுரங்கம். அங்கே பாறை முனகினால் அதை 'இக்னோர்' செய்ய எந்த ஸ்கிரிப்டிலும் வரி இருந்ததில்லை. எச்சரிக்கை என்பதன் மரியாதை, அதைக் கேட்காவிட்டால் யார் தலையில் விழும் என்பதைப் பொறுத்தது என நிறுவப்படுகிறது.

6. பரிந்துரை

இன்று எத்தனை எச்சரிக்கை வருகிறதோ, அதையே வரம்பாக எழுதிவிடுக. புதிதாக ஒன்று சேர்ந்தாலும் பில்டு நிற்கட்டும். பழையதைத் தீர்க்கத் தீர்க்க வரம்பைக் குறைத்துக்கொண்டே வருக.

இப்பரிந்துரையை எதிர் சீட்டு இளைஞரிடம் சமர்ப்பித்தபோது, "நல்ல ஐடியாண்ணா, ரிலீஸ் முடியட்டும்" என்றார். எந்த ரிலீஸ் என்பது அடுத்த கட்ட ஆய்வுக்குரியது.