பவுடர் டப்பாவும் பேதுரு நிருபமும்

கே: இருதயத்தின் அழகுதான் அழகு என்று பிரசங்கம் பண்ணுகிறார் எங்கள் சபை ஐயர். மகனுக்கு மட்டும் சிவத்த பெண்ணாகத் தேடுகிறாரே?
(வாசகி, நாசரேத்)

ப: பெண் பார்க்கப் போகும்போது பிரசங்கக் குறிப்பை வீட்டிலேயே மறந்துவிட்டிருப்பார். சாமுவேல் தீர்க்கதரிசியே சறுக்கிய இடம் இது. ராஜாவைத் தேர்ந்தெடுக்க ஈசாய் வீட்டுக்குப் போனவர், மூத்தவன் எலியாபின் வாட்டசாட்டத்தைப் பார்த்ததுமே ஆள் கிடைத்துவிட்டான் என்று முடிவுகட்டினார். நான் பார்ப்பது முகத்தை அல்ல, இருதயத்தை என்று கர்த்தர் தடுத்தார். இந்தக் கதையை நிறம் மட்டான பெண்ணுக்கு ஆறுதலாகச் சொல்வது நம் வழக்கம். ஆனால் வேதத்தில் பேச்சு வாங்கியவர் பார்க்கப் போன சாமுவேல்! (கடைசியில் தேர்வான தாவீதும் லட்சணமான பையன்தான் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அழகாயிருப்பது குற்றமில்லை.)

கே: கல்யாணத்தன்றுகூட என் மகள் பொட்டுத் தங்கம் போடக் கூடாது என்று பேதுருவைக் காட்டுகிறார் சபை பாஸ்டர்.
(வாசகர், மார்த்தாண்டம்)

ப: முதலாம் நிருபம், 3ஆம் அதிகாரம், 3ஆம் வசனம். அங்கே தங்கத்தோடு சடை பின்னுவதும் ஆடை உடுத்துவதும் ஒரே வரிசையில் நிற்கின்றன. எழுத்துக்கு எழுத்துப் பிடித்தால் சபைக்கு எப்படி வருவது? அலங்காரம் அதோடு நின்றுவிட வேண்டாம் என்பதுதான் பேதுருவின் பேச்சு. ஆனாலும் நகை கழற்றும் சபையை நான் கேலி செய்ய மாட்டேன். அதனால் கடன்படாமல் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன்மார் உண்டு. கழுத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அத்தனை பவுனையும் ரொக்கமாக எண்ணி வாங்கும் மாப்பிள்ளை வீட்டாரும் உண்டு. அவர்களுக்கு என்ன வசனம் என்று பாஸ்டரிடம் கேளுங்கள்.

கே: கோவிலுக்குப் பவுடர் போட்டுப் போகலாமா?
(வாசகி, சாயர்புரம்)

ப: போகலாம். பாட்டுப் புத்தகத்தில் கொட்டாமல்.

கே: வெளித்தோற்றம் முக்கியமில்லை என்றால், மிஷனெரிமார் தெற்குத் திருவிதாங்கூரில் பெண்களின் மேலாடைக்காக ஏன் மல்லுக்கட்டினார்கள்?
(வாசகர், நாகர்கோவில்)

ப: அது அழகு விவகாரமே இல்லை. மேல்சாதியார் முன்னால் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. யார் தாழ்ந்தவர் என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். குப்பாயம் என்ற மேற்சட்டை போட்ட கிறிஸ்தவப் பெண்களின் துணியைக் கிழித்தார்கள், ஜெபவீடுகளைக் கொளுத்தினார்கள். 1859இல்தான் மேலாடையை அனுமதித்து மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அந்தப் பெண்களிடம் போய், ‘உள்ளழகு போதும் தாயே’ என்று சொல்லியிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்போம்.

கே: பள்ளிக்கூடத்தில் கறுப்பி என்று கேலி செய்கிறார்களாம், பேத்தி அழுகிறாள். வேதத்திலிருந்து என்ன சொல்ல?
(ஓர் ஆச்சி, பாளையங்கோட்டை)

ப: உன்னதப்பாட்டு முதல் அதிகாரம், 5ஆம் வசனம். நாயகி தன் கறுப்பையும் அழகையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். இரண்டையும் இணைப்பது எபிரெயத்தில் ஒரேயொரு எழுத்து, வாவ். அதை ‘உம்’ என்றும் கொள்ளலாம், ‘ஆனாலும்’ என்றும் கொள்ளலாம். நம் பழைய மொழிபெயர்ப்பு ‘ஆனாலும்’ பக்கம் சாய்ந்தது. நீங்கள் ‘உம்’ போட்டு வாசித்துக் காட்டுங்கள், ஆச்சி.

பிறகு டோனாவூருக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள். நீலக் கண் வேண்டுமென்று இரவில் ஜெபித்து, காலையில் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்ணைப் பார்த்து ஏமாந்த அயர்லாந்துச் சிறுமிதான் ஏமி கார்மைக்கேல். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், இந்துக் கோயில்களுக்கு விடப்பட்ட பெண் பிள்ளைகளுக்கு டோனாவூரில் வீடு அமைத்தார். சேலை கட்டி ஊருக்குள் கலந்து நடக்க, அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது என்பார்கள்.

கே: ஃபேர் அண்ட் லவ்லியே பெயரை மாற்றிவிட்டது. கிறிஸ்தவ மணமகள் விளம்பரம் மட்டும் இன்னும் ‘சிவந்த நிறம்’ கேட்கிறதே?
(வாசகி, தூத்துக்குடி)

ப: 1975இல் வந்த கிரீம், 2020இல்தான் பெயர் மாற்றியது. அதற்கே 45 வருஷம் பிடித்திருக்கிறது! நம்மவர்கள் ‘தேவபக்தியுள்ள, சிவந்த நிறமுள்ள’ என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். காசு போதாமல் ஒரு சொல்லை வெட்டச் சொன்னால் எதை வெட்டுவார்கள் என்று விளம்பரம் வாங்குபவரிடம் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.