கருப்பின் குதிரைக்குப் பல் எத்தனை?

1990களில் சன் டிவியில் வந்த ‘மர்மதேசம்’ தொடரின் ‘விடாது கருப்பு’ பகுதியை எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. தப்புச் செய்தவனைக் குதிரையேறி வந்து தண்டிக்கும் அந்தக் கருப்புசாமி யார் என்று நாடே மண்டையை உடைத்துக்கொண்டது. அவருக்கு வயதென்ன என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. இப்பெருங்குறையைக் களைய முன்வந்தது பொள்ளாச்சிச் சந்தையோர டீக்கடை அறிஞர் குழாம்.

சிக்கல் இதுதான். கதை இரண்டு காலங்களில் ஓடுகிறது. பொடியன் ராஜேந்திரன் வளர்ந்து நடிகர் சேத்தனாகவே ஆகிவிடுகிறான். கருப்புக்கு மட்டும் ஒரு முடி நரைக்கவில்லை.

நவபாஷாணக் கட்சியார் சொல்வது: ‘மர்மதேச’த்தின் ‘ரகசியம்’ பகுதியில் நவபாஷாண லிங்கம் இருக்கிறது. போகர் நவபாஷாணத்தில் செய்ததாகச் சொல்லப்படும் முருகனோ பஸ் ஏறினால் பழனியில். ஆக, கருப்பு ஏதோ ஒரு ராத்திரி கதை மாறிப் போய், மருந்தென்று நம்பப்படும் அபிஷேகத் தண்ணியைக் குடித்திருக்கிறார். “ஏனுங்க, சாமிக்கே மருந்து வேணுமாக்கு?” என்று டீ ஆற்றியவர் எழுப்பிய ஆட்சேபத்துக்கு இன்றுவரை பதிலில்லை.

ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் வேறு வழி போனார்கள். சாவே இல்லாதவர் என்று காடே நம்பும் முகமூடி மாயாவி உண்மையில் 21ஆம் தலைமுறை. பூசாரி வேலை பரம்பரையாக வரலாமென்றால் சாமி வேலை வரக்கூடாதா? எனக்கு இந்த வாதம் பிடித்தேயிருந்தது, குதிரை குறுக்கே வரும்வரை. ஆளை மாற்றலாம், அதே குதிரைக்கு எங்கே போவது?

இங்கேதான் மாட்டு வியாபாரி ஒருவர் ஆய்வைக் கையிலெடுத்தார். மாடு ஏறக்குறைய இரண்டு வயதில் ரெண்டு பல் போடும். பிறகு நாலு, ஆறு. எட்டும் வந்துவிட்டால் கடைசேர்ந்தது. அதற்குப் பின் தேய்மானத்தைப் பார்த்துச் சொல்வதுதான். “கடைசேந்த மாட்டுக்கு யாவாரி சொல்றதுதானுங்க வயசு” என்றார். குதிரைக்கும் ஐந்து வயதில் பல் நிறைந்துவிடுகிறது. ஆகவே கருப்பின் குதிரை கடைசேர்ந்த குதிரை; அதற்குமேல் வயது ஏறச் சட்டத்தில் இடமில்லை. சரிபார்க்க யூடியூபில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம், குதிரை வாயைத் திறக்கவில்லை. ஓசியில் பார்க்கும் தொடரில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது தகுமா என்றும் சிலர் முகம் சுளித்தனர்.

கருப்பு என்பதே ஒரு மனநோயின் வேலை என்று தொடரே கடைசியில் விளக்கிவிட்டதே என்றார் ஒரு கல்லூரி மாணவர். அவை ஒப்புக்கொண்டது. ஆனால், மனநோய் மனிதனுக்குத்தானே? குதிரைக்கு என்ன வந்தது?

வேறு வழியின்றி வியாழக்கிழமைச் சந்தையில் வியாபாரிகள் இருவர் துண்டைப் போட்டு, உள்ளே விரல் பிடித்து ஒரு வயதுக்கு வந்து சேர்ந்தனர். சந்தை வழக்கப்படி அதை மூன்றாம் ஆளுக்குச் சொல்லமாட்டார்களாம்.