மழைக்கும் ஒரு டார்கெட்

மகாராஜராஜஸ்ரீ விற்பனைப் பிரிவு உபதலைவர் அவர்கள் சமூகத்திற்கு, தஞ்சாவூர் ஹெட்குவார்ட்டர்ஸில் மெடிக்கல் ரெப் உத்தியோகம் பார்க்கும் அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் சமர்ப்பிக்கும் விஞ்ஞாபனம்.

சென்ற மாதம் இருமல் மருந்து விற்பனை டார்கெட்டை எட்டாததற்குச் சமாதானம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய மெயில் கிடைக்கப் பெற்றேன். இவ்வட்டாரத்து ஜனங்கள் போதிய அளவு இருமவில்லை என்பதே என் சமாதானம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தவறாது வந்து, வாய்க்கால்களை நிரப்பி, கூடவே சளியையும் ஜுரத்தையும் வீடுதோறும் சேர்ப்பிக்கும் என்று தலைமை அலுவலகத்தில் போட்ட கணக்கை, அந்த மழை கார்த்திகை பிறந்தும் எட்டிப் பாராமலே பொய்யாக்கிவிட்டது. பட்டுக்கோட்டையிலும் கும்பகோணத்திலும் டாக்டர்களின் முன்னறைப் பெஞ்சுகளில் என்னைப் போன்ற ரெப்புகளே நோயாளிகளைவிட அதிகமாக வீற்றிருந்தோம்.

டார்கெட் நிர்ணயத்தின் சூட்சுமத்தைப் பாமரனாகிய நான் கிரகித்துக்கொண்டது இவ்வளவுதான்: விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெறாத மருந்துக்கும் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையேற்றலாகாது என்று 2013 ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை விதிக்க, தாங்களோ போன வருஷ விற்பனையின்மேல் 25 சதவீதம் கூட்டிக் கேட்பதால், விலையால் வாராத மிச்சத்தை வியாதியே ஈடுசெய்தாக வேண்டும். வியாதியோ சுயேச்சையான பிரகிருதி. அதற்கு இன்சென்டிவ் காட்டவும் இயலாது, மெமோ கொடுக்கவும் இயலாது.

போட்டிக் கம்பெனிகளின் பங்கைப் பறிக்கலாகாதா என்பார் ஏரியா மேனேஜர். அக்கம்பெனிகளின் மேனேஜர்களும் அதே காலையில் அதே உபதேசத்தைத் தத்தம் ரெப்புகளுக்கு அருளிவிடுவதால், மத்தியானம் ஓ.பி. முடியும் வேளையில் ஒரே டாக்டரின் வாசலில் டை கட்டி நிற்கும் நாங்கள் ஏழெட்டுப் பேரும், ஒருவர் பங்கை மற்றவர் பறித்து, சாயங்காலத்துக்குள் அவரவர் பங்கை அவரவரிடமே சேர்த்துவிடுகிறோம். முன்போல் டாக்டருக்குப் பரிசு கொடுத்து மனத்தைக் கனியவைக்கவும் வழியில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, பரிசுகளை விலக்கி, டைரி, காலண்டர் வகையறாவுக்கும் ஒன்றுக்கு 1,000 ரூபாய் என்று எல்லை வகுத்துவிட்டது. (நல்ல ஏற்பாடு என்பதே என் அந்தரங்க அபிப்பிராயம், தினசரி அறிக்கையாகிய டி.சி.ஆரில் அதை எழுதவில்லை.)

இத்தகைய சங்கடங்களுக்கெல்லாம் நமது ஸ்தாபனத்தில் பரம்பரையாக வழங்கிவரும் பரிகாரமொன்று உண்டென்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். மாதக் கடைசி இரவில், 'குளோசிங் என்ன?' என்ற கேள்வியே மந்திரமாக ஒலிக்கும் கான்பரன்ஸ் காலில், மணிக்கொரு தரம் தொகையைக் கூட்டிச் சொல்லிக்கொண்டே வந்து, யாரும் கேளாத சரக்கை ஸ்டாக்கிஸ்டின் கோடவுனில் பெட்டி பெட்டியாக இறக்கி, பில் போட்டுவிட்டால், ஒரு மனிதனும் இருமாமலே இருமல் மருந்து விற்றுவிடுகிறது! அச்சரக்கு சில மாதங்களில் எக்ஸ்பயரியாகத் திரும்புவது வேறு கணக்கில் வருவதால், கைதட்டலுக்குப் பங்கம் நேர்வதில்லை. தாயின் திவசத்துக்கு லீவு கேட்ட சக ஊழியர் ஒருவரிடம், 'குளோசிங் முடியட்டும்' என்று ஏரியா மேனேஜர் அருளினார். திதியைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் விற்பனைப் பிரிவுக்கு உண்டென்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. சென்ற மாதம் இந்தப் பரிகாரமும் பலிக்கவில்லை. கோடவுனில் கால் வைக்க இடமில்லை என்று ஸ்டாக்கிஸ்ட் கைவிரித்துவிட்டார்.

ஆதலால், அடுத்த டார்கெட் சர்க்குலரின் நகலொன்றை நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்துக்கும் அனுப்பி, எங்கள் ஜில்லாவுக்கு உரிய மழையை இருபதாம் தேதிக்குள் இறக்கும்படி உத்தரவிடப் பிரார்த்திக்கிறேன். மேலும், பழைய எக்ஸ்பயரி பெட்டிகளுக்குக் கிரெடிட் நோட் வராதவரை புதுச் சரக்கைத் தொடுவதில்லை என்ற ஸ்டாக்கிஸ்ட், என் நம்பரைக் கண்டால் இப்போது போனை எடுப்பதில்லை. தங்கள் நம்பர் அவருக்குப் பரிச்சயமில்லாதது. தாங்கள் அழைத்தால் ஒரு முறையாவது எடுப்பார்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்