சளி பிடித்த ராஜாவும் முடியாத கோபுரமும்

மதுரை மறுபடி தலைநகரானதற்குக் காரணம் ஒரு மூக்கடைப்பு என்பது கதை. திருச்சியிலிருந்து ஆண்ட திருமலை நாயக்கருக்குத் தீராத மண்டைச்சளி. வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். மதுரைக்கு வரும் வழியில், திண்டுக்கல்லில், மீனாட்சியும் சொக்கரும் கனவில் வந்து, "எங்க ஊர்லயே தங்கு, குணமாக்குறோம்" என்றார்களாம். சளியும் போச்சு, திருச்சியின் மவுசும் போச்சு.

மூச்சு சீரானதும் மனிதர் கட்ட ஆரம்பித்தார் பாருங்கள், 1659இல் கண்ணை மூடும்வரை கொத்தனுக்கும் சிற்பிக்கும் ஓய்வே கிடைத்திருக்காது. அரண்மனை, தெப்பக்குளம், அப்புறம் புது மண்டபம். வசந்த விழாவில் சாமி காற்றாட உட்காரத்தான் அது; ஆனால் 124 தூண்களுக்கு நடுவே தன் வம்சத்தையே வரிசையாக நிறுத்தி, தானும் மனைவியரோடு கைகூப்பி நின்றுகொண்டார். சிற்பி முகஸ்துதி அறியாதவர். ராஜாவின் தொந்தியை ஓர் அங்குலம்கூடக் குறைக்கவில்லை.

பக்கத்தில் நிற்கும் தஞ்சாவூர் ராணியின் தொடையில் ஒரு வெட்டு. "இந்த அரண்மனை எங்கப்பா வீட்டுக் குதிரை லாயம் மாதிரி இருக்கு" என்று அம்மணி சொல்ல, ராஜா குத்துவாளை வீசினாராம். செதுக்கும்போது கல் தெறித்தது என்றும் ஒரு கதை உண்டு. கல்யாணமான மதுரைக்காரர்கள் முதல் கதையைத்தான் நம்புகிறார்கள்.

மண்டபத்துக்குக் கிழக்கே ராயகோபுரம். மீனாட்சி கோயிலின் ஒன்பது நிலைத் தெற்குக் கோபுரத்தையே குள்ளமாக்கும் திட்டம். வாசலில் ஒவ்வொரு நிலைக்காலும் ஒரே கல். 50 அடிக்கு மேல் உயரம். அதற்கு மேலே? ஆகாயம்தான். ஸ்பெயினின் மலகா நகரப் பேராலயத்திலும் தெற்குக் கோபுரம் பாதியில் நிற்கிறது. காசெல்லாம் அமெரிக்க விடுதலைப் போருக்குப் போய்விட்டது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளவாவது ஒன்று இருக்கிறது. நம்மவருக்குக் கடைசிக் காலத்தில் வாய்த்தது மூக்கறுப்புப் போர். மைசூர்ப் படை அகப்பட்டவர் மூக்கையெல்லாம் அறுக்க, ராமநாதபுரம் சேதுபதி வந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. பிறகு நம் படையும் பதிலுக்கு மூக்கறுத்தது; எதிலும் பின்வாங்காத ஊர்.

ஸ்ரீரங்கத்தார் தங்கள் மொட்டைக் கோபுரத்தை 1987இல் 236 அடிக்கு உயர்த்தி முடித்தார்கள். மதுரை அந்த வம்புக்கே போகவில்லை. கல்லைக் கண்ட இடத்தில் கடை போட்டது. புது மண்டபத்தில் யாளிக்குக் கீழே தையல் மிஷின், கடவுளர் காலடியில் பாத்திரம், பஞ்சாங்கம், வளையல். அண்மையில்தான் அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு அனுப்பினார்கள். நாயக்கர் தொந்தி இப்போது மறைப்பில்லாமல் தெரிகிறது.